இரண்டு மெஷின்களுக்கு ஒரு காது

தம்பி நின்றுகொண்டேதான் சாப்பிட்டான்.

ஒரு கையில் தட்டு. இன்னொரு கையால் டம்ளரையும் உப்பு டப்பாவையும் மேசை நடுவில் நகர்த்தி வைத்தான். டம்ளர், ஆளைப் படுக்கவைத்துப் படம் எடுக்கும் பெரிய சி.டி. மெஷின். உப்பு டப்பா, நாற்காலியில் உட்காரவைத்துத் தலையை மட்டும் சுற்றிவரும் புது மெஷின்.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுப்பது அவன் வேலை. காது கேட்காத குழந்தைகளை அவனிடம்தான் அனுப்புவார்கள்.

காதுக்குள் இருக்கும் எலும்புகளைப் புது மெஷின் துல்லியமாகக் காட்டும், உடம்பில் படும் எக்ஸ்ரே கதிரும் குறைவு என்பது அவன் கட்சி. பெரிய மெஷின் கண்மூடித் திறப்பதற்குள் முடித்துவிடும், குழந்தை அசைந்து படத்தைக் கெடுக்க நேரமிருக்காது என்பது பெரிய டாக்டரின் கட்சி.

ஒரே காதை இரண்டிலும் எடுத்துப் பார்த்தால் யார் சொல்வது சரி என்று தெரிந்துவிடும். ஆனால் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மட்டும் உயிரோடு இருப்பவருக்கு இரண்டு தடவை கதிர் கொடுக்கக் கூடாது. அதனால் இறந்தவர் யாருடைய எலும்பாவது வேண்டும். எல்லா ஆஸ்பத்திரிகளிலும் சொல்லிவைத்து ஒரு வருஷமாகக் காத்திருந்தார்கள்.

"கண்ணக் கேட்டா குடுக்கறாங்கக்கா. காதக் கேட்டா ஒருத்தரும் காது குடுக்க மாட்டேங்கறாங்க."

தன் ஜோக்குக்குத் தானே சிரித்தான். தட்டைக் கழுவாமல் போட்டுவிட்டுப் போனான்.

மதியம் ஆஸ்பத்திரி மாடிப்படியில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு. அவனுக்கு நாற்பதுகூட ஆகவில்லை.

நானும் சித்தப்பாவும் நின்றிருந்த வராந்தாவுக்கு ஒரு நர்ஸ் வந்தார். கண்களைத் தர முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். சித்தப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே தலையாட்டினார்.

காதுகளையும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன் நான்.

நர்ஸுக்குச் சட்டென்று புரியவில்லை. சித்தப்பாவுக்குப் புரிந்துவிட்டது. அழுதுகொண்டிருந்தவர் அழுகையை நிறுத்தினார்.

கண் என்றால் யாருக்காவது பார்வை வரும், இதனால் யாருக்கு என்ன வரும் என்று கேட்டார். இரண்டு மெஷின்கள் போடும் சண்டைக்கு நம் வீட்டுப் பிள்ளைதான் கிடைத்தானா என்றார். உள்பக்கமாகத்தான் எடுப்பார்கள், முகம் அப்படியே இருக்கும் என்று நர்ஸ் சொன்னது அவர் காதில் ஏறவில்லை.

"பெத்தவங்க இருந்திருந்தா இப்படிப் பேசுவியா நீ?"

பெற்றவர்கள் போன பிறகு அவனுக்குச் சோறு போட்டவள் நான். அவனுக்காகப் பள்ளிக்கூடத்தில் போய்த் திட்டு வாங்கியவளும் நான்தான். அதைச் சொல்லிக்காட்ட அது இடமில்லை.

"அவன் ஒரு வருஷமா கேட்டுக்கிட்டிருந்தான், சித்தப்பா. யாரும் குடுக்கல. நான் குடுக்கறேன்."

நீயெல்லாம் ஒரு அக்காவா என்றார்.

ஆமாம் என்றேன்.

அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசவில்லை. நானும் போய்ச் சமாதானம் சொல்லவில்லை.

படம் எடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதும் கிளம்பிப் போனேன். உறவுக்காரர்கள் பார்க்க வேண்டிய படமில்லை இது என்று பெரிய டாக்டர் பக்குவமாகச் சொன்னார். அங்கே கிடந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவர் திரையை என் பக்கம் திருப்பினார்.

பக்கத்துப் பக்கத்தில் இரண்டு படங்கள். இரண்டும் அவன் இடது காது.

காதுக்குள் மூன்று குட்டி எலும்புகள் உண்டு. கடைசி எலும்பு, குதிரையில் ஏறக் கால் வைக்கும் வளையம் மாதிரி இருப்பதால் அங்கவடி. பெரிய மெஷின் படத்தில் அது சாம்பல் நிறத்தில் ஒரு தீற்றல். புது மெஷின் படத்தில் வளையத்தின் இரண்டு கால்களும் தனித்தனியாகத் தெரிந்தன.

டாக்டர் விட்டுக்கொடுக்கவில்லை. இது வெறும் எலும்பு, அசையாது, குழந்தை அசையும், ஒரு ஆளை வைத்து முடிவு சொல்ல முடியாது என்றார்.

"அவன் ஒரு இடத்துல அசையாம இருந்ததே இப்பதான், டாக்டர். அதுலயும் குத்தம் கண்டுபிடிக்காதீங்க."

தம்பியோடு வேலை பார்த்த பெண் களுக்கென்று சிரித்துவிட்டாள். சிரித்ததற்காக என்னைப் பார்த்து மிரண்டாள். நானும் சிரித்தேன்.

ஒரு ஆள் போதாது என்றால் என் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு ஒன்றும் அவசரமில்லை என்றேன். டாக்டர் அந்தப் பெண்ணிடம், இன்னும் எலும்புகள் வேண்டும் என்று மறுபடியும் எல்லா ஆஸ்பத்திரிகளுக்கும் சொல்லச் சொன்னார்.

அவர் போன பிறகு அந்தப் பெண் அங்கவடியின் குறுக்கே ஒரு கோடு இழுத்து அளந்து காட்டினாள். மூன்று மில்லிமீட்டர் சொச்சம்.

இவ்வளவு பெரிய ஆளுக்கு இவ்வளவுதானா, குழந்தையுடையது மாதிரி இருக்கிறதே என்றேன்.

குழந்தைக்கும் இதே அளவுதான் என்றாள் அவள். உடம்பில் மற்ற எலும்பெல்லாம் வளரும். காதுக்குள் இருக்கும் இந்த மூன்றும் பிறக்கும்போதே முழு அளவில் இருக்கும். அப்புறம் வளராது.

அவன் பிறந்த அன்று, தலையைத் தாங்கிப் பிடி என்று சொல்லி அம்மா அவனை என் மடியில் வைத்தாள். அதன் பிறகு அவன் கை, கால், முகம், குரல் எல்லாம் என் கண்ணெதிரே மாறின.

இது அன்றைக்கும் மூன்று மில்லிமீட்டர் சொச்சம்தான்.