அரைத்த பெயர்கள்

யுவராணியின் கண்களில் நீர் முட்டி நின்றது. நல்லவேளை, அடுப்பில் மிளகாய் வறுபட்டுக்கொண்டிருந்தது. அந்த நெடிக்கு அழாதவர்கள் பாளையம்பட்டியிலேயே யாரும் இல்லை.

"பேரு எங்க கண்ணுக்கே தெரியாது மதினி" என்றான் கொழுந்தன் முகேஷ். அடுப்படி நிலைப்படியில் சாய்ந்து உட்கார்ந்து, மடியில் லேப்டாப்பை வைத்திருந்தான். வீட்டிலிருந்தே கம்பெனி வேலை.

"வீடியோ ஆப்புக்காரன் ஒருத்தன், போட்டோ ஆப்புக்காரன் ஒருத்தன். ரெண்டு பேரும் அவுக ஆளுக பேரை மாவா அரைச்சுத்தான் எங்களுக்குத் தருவாக. ஒரே சோளத்தை ரெண்டு மில்லுல குடுத்தாலும் மாவு ஒண்ணுதான? ஆனா யாரு வீட்டுச் சோளம்னு மாவு சொல்லுமா?"

"அப்ப அரைச்ச மாவையே அரைக்கத்தான் ஒங்களுக்குச் சம்பளமா கொழுந்தனாரே?"

அவன் சிரித்தான். "ஒரு ஆளு பேச்சு இந்த ஆப்புலருந்து அந்த ஆப்புக்கு எம்புட்டுத் தூரம் போகுதுன்னு பாக்குறதுதான் வேலை. இந்தா பாருங்க. நிமிசத்துக்கு நிமிசம் மாறும்."

திரை முழுக்க, ஆளுக்கு ஒன்றாய், மின்மினிகளாய்ப் புள்ளிகள். நடுவில் ஒன்று மட்டும் சிவப்பாக, பெரிதாக, மூச்சு விடுவதுபோல் விரிந்து சுருங்கியது.

"நம்ம பக்கத்து ஆளுதான். நம்ம அக்கா மக கலியாணம் நின்னுச்சுல்ல, அந்த வாரம் வீங்குன புள்ளி இது. வேற யாரு? வீடியோவுல மூஞ்சியக் காட்டாம, குரலை மாத்திப் பேசுறாளே, அவதான்."

யுவராணி கரண்டியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

பத்தாவது படிக்கிற அந்தப் பிள்ளைக்குப் பரிசம் போட்டதை அந்தக் குரல் சொன்ன மறுநாளே, திருச்சுழியிலிருந்து அதிகாரிகள் வந்து கல்யாணத்தை நிறுத்திவிட்டார்கள். "அவ யாருன்னு மட்டும் தெரியட்டும், நாக்கை அறுத்துக் கம்மாயில வீசுறேன்" என்று சாமி படத்தில் அடித்துச் சத்தியம் செய்திருந்தான் அவள் புருஷன் பாண்டிராஜ். தீட்டிய அரிவாள் அன்றிலிருந்து கதவு மூலையிலேயே நின்றது.

"பேருதான் தெரியாதுன்னீகளே?"

"நேத்து வரைக்கும். இன்னிக்குச் சாயங்காலம் எல்லாப் பேரையும் கம்பெனி தொறக்கப் போகுது. அண்ணன்கிட்டகூட இன்னும் சொல்லல. வரட்டும்."

மிளகாய் கருகியது. அவள் அடுப்பை அணைத்தாள்.

"காயப்போட்ட துணிய எடுத்துட்டு வாரேன்" என்று கொல்லைப்பக்கம் போனாள். சுவருக்கு அப்பால், அறுத்து முடிந்த கரிசல் வாய் பிளந்து கிடந்தது. கொடியில் தொங்கிய சேலைக்குப் பின்னால் நின்று போனை எடுத்தாள். அவசரத்தில் பாஸ்வேர்டு இரண்டு தடவை தப்பியது.

திறந்ததும் புதிதாக ஒரு செய்தி நின்றது. 'அக்கா, எனக்கு வர்ற முகூர்த்தத்துல கலியாணம் முடிக்கப் போறாங்க. நாளைக்குப் பேசுவீங்களா?'

எந்த ஊர்ப் பிள்ளையோ. யுவராணி அதை மறுபடியும் படித்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு கணக்கை அழித்தாள். அந்தக் குரலும், அந்தச் செய்தியும், எல்லாமும் போயின.

துணியை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே வந்தபோது கால்கள் லேசாகியிருந்தன. வாசலில் பாண்டிராஜின் பைக் வந்து நின்ற சத்தம்கூட அவளைப் பெரிதாகப் பயமுறுத்தவில்லை.

முகேஷ் திரையிலிருந்து கண் எடுக்கவில்லை. சிவப்புப் புள்ளி இருந்த இடம் இருட்டாகக் கிடந்தது.

"என்ன கொழுந்தனாரே, பேரைத் தொறந்துட்டாகளா?" சிரிக்கக்கூட முடிந்தது அவளால்.

"அரைச்ச பேரை யாராலயும் தொறக்க முடியாது மதினி. சாயங்காலம்னு சொன்னது பொய்யி."

வெளியே செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. முகேஷ் நிதானமாக லேப்டாப்பை மூடினான்.

"அந்தப் பொய்ய ஒங்ககிட்ட மட்டுந்தான் சொன்னேன்."