சோப்புப் பெட்டியில் விருந்தாளி

மழைக்காட்டில் தவளை, பல்லி, பாம்புகளைக் கணக்கெடுக்க வந்த கணவனும் மனைவியும் ஒரு வாரமாகச் சேற்றில் தவழ்ந்து தேடிய பச்சைத் தவளை, முகாமின் ஒரே குளியலறையில், சோப்புப் பெட்டிமேல் வீட்டுக்காரர் தோரணையில் உட்கார்ந்திருக்கிறது. தலை நிறைய நுரையோடு, இடுப்புத் துண்டைப் பிடித்தபடி கணவன் சிலையாக நிற்கிறான். தகரக் கூரையில் மழை இரைகிறது. கதவைக் கொஞ்சமாகத் திறந்து மனைவி கேமராவை நுழைக்கிறாள். “கண்ணு எரியுதுடி,” என்று அவன் முனகுகிறான். “எரியட்டும். அசையாதீங்க, அது ஒரு தடவை கத்தட்டும்.” தவளையின் தொண்டை பலூனாக உப்புகிறது, சத்தம் மட்டும் வரவில்லை. அவளுக்குப் பின்னால் ஜீப் ஓட்டுநர் கால் மாற்றிக் கால் மாற்றி நிற்கிறார். “மேடம், ரொம்ப அவசரம்.” அவள் திரும்பாமலே சொல்கிறாள்: “காட்டுக்குப் போங்கண்ணே. அங்கதான் ஒரு தவளையும் இல்லையே.”