அப்பாவுக்குப் பயம்

"இன்னைக்கு ஆபரேஷன் வேண்டாம் டாக்டர். எனக்குப் பயமா இருக்கு."

கவுண்டரில் கையெழுத்துப் போட்டுவிட்டு, தியேட்டரை ஒட்டிய அறைக்குள் நுழைந்த மகளின் காதில் விழுந்தது இதுதான். பச்சை கவுனோடு ஸ்ட்ரெச்சரில் கால்களைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார் அப்பா.

"என்னப்பா சொல்றீங்க? இது மூணாவது தடவை! முதல் தடவை ஜலதோஷம்னீங்க. அடுத்த தடவை வாசல் வரைக்கும் வந்துட்டு அப்படியே வீட்டுக்குத் திரும்பிட்டீங்க. இப்போ ஆபரேஷன் தியேட்டர் வாசல்ல உட்கார்ந்துக்கிட்டு..."

"பயத்துக்கு நேரம் காலம் உண்டாம்மா?"

லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். பதினாலாவது மாடியில் ஒற்றைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வேலை பார்த்தவர். ஊசியைக் கண்டால் மட்டும் முகம் வெளுத்துவிடும்.

டாக்டராவது நாலு வார்த்தை திட்டுவார் என்று பார்த்தாள். அவரோ, "சரி, அடுத்த வியாழக்கிழமை வெச்சுக்கலாம்" என்று சொல்லிவிட்டு ஓடாத குறையாக வெளியே போனார்.

"பசிக்குதும்மா. ரெண்டு பிஸ்கட் கிடைக்குமா?"

"பச்சைத் தண்ணி கூட வாங்கித் தர மாட்டேன்!"

கதவைப் படாரென்று சாத்திவிட்டுக் கீழே போனவள், அரை மணி நேரம் கழித்துத்தான் வராந்தாவுக்கு வந்தாள். ஆபீஸில் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய லீவு. எல்லாம் வீண்.

அங்கே பெஞ்சு காலியாக இருந்தும், ஒருவர் தரையில் உட்கார்ந்திருந்தார்.

"யாருக்குங்க உடம்பு சரியில்லை?"

"என் மனைவிக்கு. மீன் கிடங்குல வேலை. நேத்து ஷிஃப்ட் முடியற நேரத்துல குளிர் அறைக்குள்ள மாட்டிக்கிட்டா. காலையில கதவைத் திறந்தப்பதான் பார்த்திருக்காங்க. லேசா மூச்சு இருந்துச்சாம். ஆம்புலன்ஸ்ல வரும்போது இதயம் நின்னுடுச்சு."

அவள் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உடம்பு பனிக்கட்டி மாதிரி இருக்கு, தொட முடியலை. முடிஞ்சுபோச்சுன்னுதான் நினைச்சேன். ஆனா டாக்டர் ஒத்துக்கலை. குளிர்ல நின்ன இதயத்தை அப்படி விட முடியாது, முதல்ல சூடாக்கிப் பார்ப்போம்னு சொன்னார். எக்மோன்னு ஒரு மெஷினாம். ரத்தத்தை வெளியே எடுத்து, சூடாக்கி, ஆக்சிஜன் சேர்த்து, திரும்ப உள்ளே அனுப்புமாம்."

எதிரே இருந்த தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவு திறந்தது. நர்ஸ் தலையை மட்டும் நீட்டினாள்.

"இருபத்தி மூணு டிகிரியில ஆரம்பிச்சோம். இப்போ இருபத்தி அஞ்சு. கொஞ்சம் பொறுங்க."

அவர் தலையாட்டினார். கொஞ்ச நேரம் கழித்து நர்ஸ் மறுபடி வந்து, "இருபத்தேழு" என்றாள். அவர் அந்த எண்ணை வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

அவளுக்கு அப்பாவின் மேல் இன்னும் ஆத்திரம் பொங்கியது.

"உங்க மனைவி உயிருக்குப் போராடிட்டு இருக்காங்க. எங்கப்பா பிழைக்க வழி இருந்தும் ஒரு இதய ஆபரேஷனுக்குப் பயந்து ஓடறார். என்ன மனுஷன் பாருங்க!"

"திட்டாதீங்கம்மா. பயம் யாருக்குத்தான் இல்லை? எனக்கு இப்போ அந்தக் கதவைப் பார்த்தாலே பயமா இருக்கு."

ஒரு மணி நேரம் போயிருக்கும். இந்த முறை நர்ஸ் தலையை நீட்டவில்லை, முழுசாக வெளியே வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"முப்பது டிகிரி தாண்டிடுச்சு. இதயம் துடிக்குது! தானாவே துடிக்குது!"

அவர் எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். யாரைக் கட்டிக்கொள்வது என்று தெரியாமல், அந்தப் பக்கம் தண்ணீர் கேன் தூக்கிக்கொண்டு போனவரைக் கட்டிக்கொண்டு அழுதார். விஷயம் புரியாவிட்டாலும், கேனை இறக்கி வைத்துவிட்டு அவரும் முதுகில் தட்டிக்கொடுத்தார். அவளுக்கும் கண் நிறைந்துவிட்டது.

வேர்வையைத் துடைத்துக்கொண்டே டாக்டர் வெளியே வந்தார்.

"இன்னும் ரெண்டு நாள் கவனமாப் பார்த்துக்கணும். ஆனா கண்டம் தாண்டிட்டாங்க" என்று அந்தக் கணவரிடம் சொல்லிவிட்டு, அவள் பக்கம் திரும்பினார்.

"மன்னிச்சுக்கோங்க டாக்டர். எங்கப்பா உங்க நேரத்தை வீணாக்கிட்டார். அடுத்த வாரம் கையைக் காலைக் கட்டியாவது கூட்டிட்டு வரேன்."

டாக்டர் கொஞ்சம் தயங்கினார்.

"சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்கார். ஆனா மனசு கேக்கலைம்மா. இந்த ஆஸ்பத்திரியில எக்மோ ஒண்ணே ஒண்ணுதான். உங்கப்பா இதயம் பலவீனமா இருக்கறதால, ஆபரேஷன்ல தேவைப்படும்னு அவருக்காகத் தயாரா வெச்சிருந்தோம். இந்தப் பொண்ணு வர்றாங்கன்னு ஃபோன் வந்ததும், என்ன பண்றதுன்னு தெரியாம நானும் நர்ஸும் தவிச்சதைக் கேட்டுட்டார். 'என் இதயம் ஒரு வாரம் தாங்குமா?'ன்னு கேட்டார். 'தாங்கும்னு நினைக்கறேன், உறுதியாச் சொல்ல முடியாது'ன்னேன்."

"அப்போ... பயம்னு சொன்னது?"

"'விஷயம் தெரிஞ்சா என் பொண்ணு விடமாட்டா டாக்டர். எனக்குப் பயமா இருக்குன்னு சொல்லிடறேன், உடனே நம்பிடுவா'ன்னார்."