கரண்ட் போன மதியம்

கரண்ட் போகிறது. நகரியின் அந்தச் சந்து முழுக்க விசைத்தறிகள் ஓய, தூளியில் அயர்ந்து தூங்கிய குழந்தை வீறிட்டு அழுகிறது. “தறிச் சத்தம் நின்னா முழிச்சிக்கிறான்கா,” என்கிறாள் பிரித்திகா, தறி ஸ்விட்சை அணைத்தபடி. இரவெல்லாம் விழித்திருந்த கண்கள் செக்கச்செவேலென்று இருக்கின்றன. பச்சைப்பிள்ளைக்காரிகளுக்குக் கைத்துணையாக, சம்பளமில்லாமல் வாரந்தோறும் வீடு தேடி வரும் நளினி, பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொள்கிறாள். கண்ணாடி ஓட்டின் வழியே விழும் வெயிலில் நூல்தூசி மிதக்கிறது. நாக்கை அண்ணத்தில் தட்டி, ‘டடக் டடக்’ என்று தறியைப் போலவே சத்தம் எழுப்புகிறாள். விசும்பல் மெல்ல அடங்குகிறது. “நீ கொஞ்சம் படும்மா, நான் பாத்துக்கினு கீறேன்,” என்று திரும்பினால், பிரித்திகா சுவரில் சாய்ந்து, வாய் பிளந்து தூங்குகிறாள். கரண்ட் எப்போது வரும் என்று சந்தே காத்துக்கிடக்கிறது. நளினி மட்டும், இப்போதைக்கு வந்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டு, நாக்கால் தறி ஓட்டுகிறாள்.