யாருக்கும் தோன்றக்கூடியது

கோவில்பட்டியில் ஹாக்கி மட்டை செய்துவந்த நயினாரைக் காப்புரிமைத் தீர்ப்பாயம் 'சராசரித் தொழிலாளி'யாக வேலைக்கு எடுத்தது. இரண்டு வருஷம் அவர்கள் விடுதியிலேயே இருக்க வேண்டும். செய்தி, போன், வீடு எதுவும் கிடையாது. புதிதாக வந்தது எதுவும் தெரியாதவனிடம் கேட்டால்தான், ஒரு கண்டுபிடிப்பு யாருக்கும் தோன்றக்கூடியதா என்பது தெரியுமாம். அப்படித் தோன்றக்கூடியதென்றால் அதற்குக் காப்புரிமை கிடையாதாம்.

கடைசி வாரம் ஒரு மட்டையைப் பற்றிக் கேட்டார்கள். பந்தை அடிக்கும்போது மணிக்கட்டு அதிராமலிருக்க, கார்பன் அடுக்குகளுக்கு நடுவே எதை வைக்கலாம்? யாருடைய மட்டை என்று சொல்லவில்லை.

"பனைநார்தான். இதுல என்ன சார் அதிசயம்? யாருக்கும் தோணுமே" என்றான் நயினார், யோசிக்காமலே.

வீடு திரும்பியதும் மனைவி செண்பகம் ஒரு தீர்ப்பு நகலைக் கொடுத்தாள். விண்ணப்பித்தவர் என்ற இடத்தில் அவள் பெயர் இருந்தது. நிராகரித்ததற்குக் காரணமாக, அவன் சொன்ன பதில் வார்த்தை மாறாமல் அச்சாகியிருந்தது.

"படிச்சதுமே உங்க குரல் கேட்டுச்சு" என்றாள். "நீங்க கிளம்புறதுக்கு முந்தின வாரம் உங்க முன்னாலதானே பனைநாரை ஒட்டிப் பாத்தேன்? சாப்பிட்டுக்கிட்டே 'ம்' கொட்டிக்கிட்டிருந்தீக."

அவனுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. பட்டறையில் எல்லாரும் சொல்லிக் கேட்டது என்றல்லவா எண்ணியிருந்தான்!

"அப்பீல் போடுவோம் புள்ள. நீ சொல்லித்தான் தெரியும்னு நானே வந்து சொல்லுதேன்."

"பொண்டாட்டிக்காக மாத்திச் சொல்லுதான்னுதான் நினைப்பாக."

அதற்குப் பிறகும் அவள் எதையெதையோ ஒட்டிப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அவனிடம் மட்டும் எதையும் காட்டவில்லை.