சவுட்டும் கும்பிடும்

"சவுட்டச் சொன்னா சவுட்டணும். சவுட்டிட்டுத் தொட்டுக் கும்பிடப்பிடாது, கேட்டியா?"

பாயில் விழுந்து கிடந்தபடியே கோலப்பன் மனைவியை அதட்டினான். அவனை உதைத்துத் தள்ளிய சொர்ணம்மாளோ, தன் கால் பட்ட அவன் மார்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்தாள்.

"கட்டின புருஷன் மேல கால் பட்டிருக்கு. கும்பிடாம பின்ன?"

"இப்போ என்னப் புருஷன்னு நினைக்காதே. உன் கழுத்தப் பிடிக்க வாறவன்னு நினை. நீ கும்பிட்டு முடிக்க வரைக்கும் அவன் காத்து நிப்பானா?"

கல்யாணமாகி இன்னும் வருஷம் திரும்பவில்லை. போன வாரம் அவள் கழுத்தில் பதிந்த விரல் தடம் இன்னும் மறையவில்லை. குழித்துறைச் சந்தைக்குப் போனாலும் முந்தானையைக் கழுத்தோடு போர்த்திக்கொண்டுதான் போகிறாள். அதனால்தான் கோலப்பன் மத்தியானமே கருப்பட்டிக் கடையைப் பூட்டிவிட்டு வந்து பாயை விரித்திருந்தான். பொழுது சாய்வதற்குள் அவள் படித்தாக வேண்டும். இல்லாவிட்டால் சிதறாலில் அம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவேன் என்று சொல்லிவிட்டான். அவனை விட்டுப் போக அவளுக்குக் கொஞ்சமும் இஷ்டமில்லை.

"நீங்க பக்கத்துல இருக்கும்போ எனக்கு என்ன பயம்?"

"அந்த நேரத்துல என்ன நம்பாதே பிள்ளே."

"அப்படின்னா கையால குத்துகேன். நீங்க பட்டாளத்துல குத்துச்சண்டை போட்ட ஆளுதானே. அதச் சொல்லித் தாங்க."

"செரி, குத்து."

நெஞ்சைக் காட்டினான். பல்லைக் கடித்துக்கொண்டு குத்தினாள். வளையல் சத்தம் போட்டதுதான் மிச்சம். கோலப்பன் சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டான்.

"குத்துக்குத் தோள்ல கனம் வேணும், கால ஊணி நிக்கணும். மல்லாந்து கிடக்கும்போ கையில ஒரு பலமும் வராது. ஆனா உன் காலு, ஆத்துலேருந்து குடம் குடமாத் தண்ணி சுமந்து ஏறுற காலு. முட்ட மடக்கி, ரெண்டு காலையும் சேத்து ஒரே சவுட்டு. சின்னதுல ஆசான் அடிமுறை வித்தையில சொல்லித் தந்தது இது. எந்தத் தடியனும் தெறிச்சிருவான்."

"மூக்குல குத்தினா விடமாட்டாரா?"

"மூக்கு உடஞ்சாலும் விடமாட்டான். அவனுக்கு அப்போ வலி தெரியாது."

"சவுட்டி அவருக்கு எங்கயாவது பட்டுட்டா?"

"அவரா? கழுத்த நெரிக்கவனுக்கு மரியாதை ஒரு கேடா?"

சொர்ணம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"பாவம்லா. தெரிஞ்சா செய்யாரு?"

இப்படி ஒருத்தியைப் பறிகொடுத்துவிட்டுத் தன்னால் இருக்க முடியாது என்று கோலப்பனுக்குத் தோன்றியது.

"இன்னும் ஒருக்கா கூடப் பாப்போம். படு."

அவள் மேல் குனிந்து கழுத்தில் கை வைத்தான். அவள் கண்ணை இறுக மூடினாள். முழங்காலை மடக்கினாள். அடுத்த நிமிஷம் கோலப்பன் நெல்லுப் பத்தாயத்தில் போய் மோதிக் கிடந்தான்.

பதறிப்போய் ஓடி வந்தாள். அவன் மார்பை நோக்கிப் போன கையைப் பாதியில் நிறுத்தி, முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டாள்.

"இதுதான் சவுட்டு," பின்மண்டையைத் தடவிக்கொண்டே சிரித்தான் கோலப்பன்.

"நான் அம்மை வீட்டுக்குப் போகண்டாம் இல்லியா?"

"போகண்டாம்."

அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஒளித்திருந்த கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டான். குரல் தாழ்ந்தது.

"இன்னைக்கு ராத்திரியும் பர்மாக் காட்டுல கிடக்கதா நினைச்சு, தூக்கத்துல நான் உன் கழுத்தப் பிடிச்சா, இதே மாதிரி சவுட்டிரு. கும்பிடுறதெல்லாம் நான் முழிச்ச பொறவு."