இதயத்துக்கு ஏற்ற பக்கம்

பதிவுத் திருமணத்துக்கு இன்னும் அரை மணி நேரம்தான் இருந்தது. வாயால் சொல்லத் தைரியம் வராமல், நேரலை லிங்கை அப்பாவுக்கு அனுப்பிவிட்டாள் நிறைமதி. அனுப்பிய பிறகுதான் உறைத்தது. அப்பாவைப் போன்ற இதய நோயாளிகளின் போனில் எந்த லிங்க்கும் மருத்துவமனை ஆப்புக்குள்தான் திறக்கும். நெஞ்சைப் பதறவைக்கும் பக்கமென்றால், அதை மறைத்துவிட்டுப் பூக்களைக் காட்டும்.

உடனே அப்பாவிடமிருந்து போன் வந்தது.

"பார்த்தீங்களாப்பா?"

"பார்த்தேன். ஒரே ரோஜாத் தோட்டம்."

அவளுக்குப் பாதி நிம்மதி, பாதி ஏமாற்றம். "அழகா இருக்கில்லப்பா?"

"அழகென்ன அழகு! எங்கண்ணன் செத்த சேதிக்கே நாலு ரோஜாதான் காட்டுச்சு. இன்னைக்குத் தோட்டமே பூத்துக் கிடக்கு." நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. "உட்கார்ந்துட்டேன். சொல்லும்மா, யாரு பையன்?"